ஊரைச் சுற்றிய பவுண்டரிக் கயிறு

சிலுவை பர்னாந்து ஓங்கி அடித்த பந்து மேலே போய், போன இடத்திலேயே நின்றுவிட்ட அந்தப் பங்குனி மாதச் சாயங்காலத்தில், ஊத்துப்பாறை ஜனங்கள் யாரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கவில்லை. மழை வரும் வரும் என்று ஆயுசு முழுக்க வானத்தைப் பார்த்துக் கிடந்த கரிசல்காட்டு ஜனங்கள் அவர்கள். வரவேண்டியது வராமல் மேலேயே நிற்பது அவர்களுக்குப் புதிதில்லை. கொஞ்ச நேரம் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார்கள், மில் சங்கு ஊதியதும் ஷிப்டுக்காரர்கள் சைக்கிளை எடுத்தார்கள், சுண்டல்காரர் மிச்சச் சுண்டலைக் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டுக் கூடையைக் கவிழ்த்தார்.

ஆவுடைத்தாய் மட்டும் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. வயிற்றில் ஏழு மாசப் பிள்ளை இருந்தது ஒரு காரணம். அந்தப் பந்துக்கு நேர் கீழே இரண்டு கையையும் குவித்துக்கொண்டு நின்றவன் அவள் புருஷன் திருமேனி என்பது இன்னொரு காரணம்.

திருமேனி மங்களாம்பிகை மில்லின் கிரிக்கெட் அணியில் பன்னிரண்டாவது ஆள். அந்தக் காலத்தில் மில்காரர்கள் ஆட்டக்காரர்களைச் சம்பளம் போட்டு வைத்திருந்தார்கள். பேருக்கு நூல் கிடங்கில் ஒரு வேலை, நிஜத்தில் ஆட்டம்தான் வேலை. ஆடுகிறவர்கள் பதினோரு பேர், ஆடாமல் காத்திருக்கிறவன் திருமேனி. தண்ணீர் கொண்டு போவான், அறுத்துவைத்த எலுமிச்சம்பழம் கொண்டு போவான், உடைந்த மட்டைக்குப் பதில் மட்டை கொண்டு போவான், யாருக்காவது கால் பிடித்துக்கொண்டால் அவர் வரும்வரை எல்லைக் கோட்டோரம் போய் நிற்பான், அவர் வந்ததும் தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்துவிடுவான். ஊர் அவனை ‘சப்’ என்று கூப்பிட்டது. மாற்று ஆள் ஒரு கேட்ச் பிடித்தாலும் ஸ்கோர் போர்டில் அவன் பேரைப் போட மாட்டார்கள், ‘சப்’ என்றுதான் எழுதுவார்கள். அது விளையாட்டின் வழக்கம். அந்தப் பாக்கியம்கூட அவனுக்கு அதுவரை வாய்த்ததில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு பந்துகூட அவன் நின்ற பக்கம் உயரமாக வந்ததில்லை.

இதற்காகத் திருமேனி ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட்டவள் ஆவுடைத்தாய். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்தால் திங்கள்கிழமை ஓடையில் ஆட்டக்காரர்களின் பெண்டாட்டிமார் எல்லாரும் வெள்ளை உடுப்பு துவைப்பார்கள். கால்சட்டை முழங்காலில் ஏறிய கரிசல் மண்ணைக் கல்லில் அடி அடியென்று அடித்தபடியே, “எங்க வீட்டு ஆளு விழுந்து பெரண்டு என் இடுப்ப ஒடிக்காரு” என்று அலுத்துக்கொள்வார்கள். அந்த அலுப்பில் இருக்கிற பெருமை வேறு எதில் இருக்கிறது? ஆவுடைத்தாய் துவைக்கிற கால்சட்டையில் ஒரு பொட்டு மண் இருக்காது. சொட்டு நீலம் போட்டு அலசிப் பிழிந்துகொண்டு வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஒருதரம் ஆள் வராத நேரம் பார்த்து, தானே முழங்காலில் ஒரு பிடி மண்ணைத் தேய்த்து வைத்துக்கொண்டு, மற்றவர்கள் வந்த பிறகு ஓங்கி ஓங்கித் துவைத்ததும் உண்டு.

அப்படியிருக்க, கேடயத்துக்கான கடைசி ஆட்டத்தின் கடைசி ஓவரில், அணியின் பெரிய ஆட்டக்காரரான தேவசகாயத்துக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவர் நொண்டிக்கொண்டு வெளியே வர, திருமேனி உள்ளே ஓடினான். எதிரே ஆடிய துறைமுக அணிக்குக் கடைசி விக்கெட், ஜெயிக்க நாலு ரன் வேண்டும். சிலுவை பர்னாந்து அடித்தான். பந்து போயிற்று, போயிற்று, கடுகாகி நின்றது. பர்னாந்தும் கூட ஆடியவனும் ஓடி ஓடி வேண்டியதற்கு மேலேயே ரன் எடுத்துவிட்டு, நாக்குத் தள்ளி உட்கார்ந்தார்கள். பந்து தரையில் விழுந்தால் அந்த ரன்கள் செல்லும், கேடயம் அவர்களுக்கு. திருமேனி கையில் விழுந்தால் அத்தனையும் வீண், கேடயம் மில்லுக்கு.

அம்பயர் நவநீதகிருஷ்ணன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், சட்டத்தில் புலி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “பந்து தரையிலயும் விழல, கையிலயும் விழல. ஆட்டம் நடந்துக்கிட்டு இருக்கு” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மறுநாள் காலையில் காற்று அடித்தது, பந்து நகர்ந்தது. அண்ணாந்த தலையோடு திருமேனியும் நகர்ந்தான். எல்லைக் கயிற்றை நெருங்கிவிட்டான். அதைத் தாண்டிப் பிடித்தால் அது சிக்ஸர் ஆகிவிடுமே! மில் கேப்டன் அருணகிரி பதறிப்போய், முடிவு தெரியாமல் வீட்டுக்குப் போகக்கூடாது என்று சத்திரத்தில் தங்கியிருந்த பர்னாந்திடம் ஓடினார். பர்னாந்து பல் துலக்கிக்கொண்டிருந்தான்.

“கயித்தத் தள்ளிப் போட்டுக்கோங்க கேப்டன். நான் கடல்ல போற வம்சம். காத்து எப்படியாப்பட்ட களவாணின்னு எனக்குத் தெரியும். அது கொடுக்கிற சிக்ஸர் எனக்கு வேண்டாம், வே” என்றான்.

எதிராளி சொன்ன அந்த ஒரு வார்த்தைதான் ஊத்துப்பாறையின் வாழ்க்கையை மாற்றியது. மில்லில் கழிவுப் பஞ்சை நூலாக்கி, நூலை முறுக்கிக் கயிறாக்கி, ஷிப்டுக்குப் பத்துப் பேர் என்று கயிற்றுக்கு ஆள் போட்டார்கள். காற்று தெற்கே வீசினால் கயிற்றைத் தெற்கே இழுத்தார்கள், மேற்கே வீசினால் மேற்கே. மாசம் ஆக ஆகக் கயிறு மைதானத்தை விட்டு வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டைச் சுற்றி, மார்க்கெட்டைச் சுற்றி, கண்மாய்க்கரையைச் சுற்றி, கடைசியில் ஊர் முழுவதையும் வளைத்துக்கொண்டது. பிறந்ததும் செத்ததும் பாகம் பிரித்ததும் வாய்க்கால் சண்டை போட்டதும் எல்லாம் பவுண்டரிக்கு உள்ளேதான் நடந்தன. வெளியூர் போகிறவர்கள் கயிற்றைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிவிட்டுத் தாண்டினார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக வந்த வழக்கம்.

பந்து போகிற வழியெல்லாம் திருமேனி போனான். அவன் குறுக்கே வந்தால் துணிக்கொடி கீழே இறங்கியது, மாட்டுவண்டி ஒதுங்கியது. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் முன்வாசல் வழியாக நுழைந்து, மணமக்களுக்கு நடுவே போய்ப் பின்வாசல் வழியாக வெளியேறினான். அதற்கப்புறம் அவன் குறுக்கே வராத கல்யாணத்தை ஊரில் கொஞ்சம் மட்டமாகத்தான் பேசினார்கள். பந்து நிழல் விழுந்த நிலத்தில் பருத்தி நன்றாக வெடிக்கிறது என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. கடுகளவு பந்துக்கு நிழலாவது ஒன்றாவது! ஆனாலும் பருத்தி போட்ட சம்சாரிகள் வந்து, “எங்க காட்டுப் பக்கமும் கொஞ்சம் வாங்க தம்பி” என்று கும்பிட்டுக் கேட்டார்கள். மில் நிர்வாகமோ கூட்டம் போட்டுப் பேசி, ஆட்டம் முடியாததால் அவன் வேலையில்தான் இருக்கிறான் என்று தீர்மானித்தது. மீன் உறங்குவதைப் போலக் கண்ணைத் திறந்தபடியே உறங்க அவன் பழகிக்கொண்டான்.

ஆவுடைத்தாய் அவனுக்கு முன்னால் நடந்தாள். சோற்றை உருண்டை பிடித்து வாயில் கொடுத்தாள், வேர்வையைத் துடைத்தாள். “எடது கால்ல கல்லு. ரெண்டு எட்டு வச்சா சாக்கடை, தாண்டுங்க” என்று சொல்லிக்கொண்டே போனாள். பிள்ளை பிறக்கும்வரை இதெல்லாம் அவளுக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. நாளைக்கு விழுந்துவிடும், நாளைக்கழித்து விழுந்துவிடும் என்றுதான் இருந்தாள்.

பெண்பிள்ளை பிறந்தது. செண்பகவல்லி என்று பேர் வைத்தார்கள். தீட்டுக் கழிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, அப்போது பந்து நின்ற வாழைத்தோப்புக்குப் போனாள். அவன் குனியப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். அதனால் பிள்ளையை உயரத் தூக்கி, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

“பாருங்க, உங்க மூக்கு.”

திருமேனி தலையைச் சாய்த்துப் பிள்ளையைத் தாண்டி வானத்தைப் பார்த்தான். “மறைக்காத ஆவுடை” என்றான். “ஒரு நிமிசம் பாக்கலாம்னுதான் இருக்கு. அந்த ஒரு நிமிசத்துல அது விழுந்துட்டா?”

“விழட்டுமே! மண்ணாப் போற பந்து. கேடயம் வந்தாலும் பேரு வருமா உங்களுக்கு? சப்புன்னுதான எழுதப் போறான்?”

அவன் கண்ணோரம் வழிந்த நீர் காதுக்குள் போயிற்று. துடைத்துவிட அவளுக்கு மனசு வரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கயிற்றைத் தாண்டி, செருப்பைக்கூடக் கழற்றாமல், அடுத்த ஊரில் இருக்கிற தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

பிள்ளை நடக்கத் தொடங்கி, பேசத் தொடங்கி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு சண்டையும் போடத் தொடங்கியபோது ஒரு ஆடி மாசம் வந்தது. அம்மியையே நகர்த்துகிற காற்று பந்தை விட்டுவைக்குமா? வெள்ளாடு மேய்ந்த காட்டில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஆவுடைத்தாய், தூரத்தில் கூட்டமாக ஆட்கள் கயிற்றை இழுத்துக்கொண்டு ஓடிவருவதைப் பார்த்தாள். அவர்களுக்கு வெகு முன்னால், உடைமுள் காட்டுக்குள் திருமேனி தனியாக வந்துகொண்டிருந்தான். தாடி நெஞ்சு வரை இருந்தது. வெள்ளைக் கால்சட்டை முள்ளில் கிழிந்து கணுக்காலெல்லாம் ரத்தம். குவித்த கைகள் குவித்தபடியே இருந்தன. அவள் இடத்தில் வழி சொன்ன கயிற்றுக்காரர்கள் பின்தங்கிவிட, முன்னால் யாரும் இல்லை. அவன் காலுக்கு நேரே, சுவர் இல்லாத பாழும் கிணறு.

“நில்லுங்க! கெணறு!” என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

தூக்கிய கால் தூக்கியபடி நின்றான். இத்தனை காலம் கழித்து அவள் குரலைக் கேட்டும் தலையைத் தாழ்த்தவில்லை. “எந்தப் பக்கம் ஆவுடை?” என்று மட்டும் கேட்டான்.

அவளுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன, பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. கையில் விழுவதைப் பிடிக்கிறவன் கெட்டிக்காரன், சரி. விழுமா என்றே தெரியாததற்குக் கையைக் குவித்துக்கொண்டு, கிணறு என்று சொல்ல ஆள் இல்லாதபோதும் நடந்து வருகிறவனை என்னவென்று சொல்வது? பேர் வராது என்று அவனுக்குத் தெரியாதா? கோயிலில் சாமி கும்பிடும்போதுகூட அவளுக்கு அப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை. விறகுக் கட்டைக் கீழே போட்டாள்.

“வலது பக்கம் வாங்க. முள்ளு இருக்கு, நான் முன்ன போறேன்” என்றாள். அன்றிலிருந்து அவள் மறுபடி முன்னால் நடந்தாள். செண்பகவல்லி அப்பாவின் கால்சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்தது, விழுந்த பல், முளைத்த பல் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லுவாள். அவனுக்கு மகள் என்பது ஒரு குரல்.

செண்பகவல்லி ஐந்தாம் வகுப்புப் படிக்கும்போது, பந்தின் தையல் தெரிகிறது என்று அவள்தான் முதலில் சொன்னாள். மறுவாரம் எல்லாருக்கும் தெரிந்தது. பந்து இறங்கிக்கொண்டிருந்தது. காற்றும் ஊரெல்லாம் சுற்றிச் சலித்துப்போய் அதைப் பழைய மைதானத்துக்கு மேலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

அப்போதுதான் கேப்டன் அருணகிரி ஓடத் தொடங்கினார். மில் நிர்வாகத்தைப் பார்த்தார், அம்பயரைப் பார்த்தார். திருமேனிக்கோ இத்தனை வருஷம் அண்ணாந்தே கிடந்த கழுத்து, ஒரு கேட்ச்கூடப் பிடித்துப் பழகாத கை. கேடயத்தை அதை நம்பியா விடுவது? தேவசகாயத்தின் கெண்டைக்கால் எப்போதோ சரியாகிவிட்டது. தென்மாவட்டத்திலேயே அவர் கைதான் கை. பந்து அதில் விழுந்தால் பசையில் ஒட்டியது போலத்தான்.

நவநீதகிருஷ்ணனுக்கு மனசு வரவில்லை. ஆனால் அவர் சட்டத்தில் புலி. “தேவசகாயம் வந்து, நான் திரும்ப வாரேன்னு ஒரு வார்த்த கேட்டா, திருமேனி வெளிய போய்த்தான் ஆகணும்” என்றார்.

சேதி ஊரெல்லாம் பரவியது. கயிறு இழுக்கிற ஷிப்டுக்காரர்கள் இது அநியாயம் என்று கயிற்றைக் கீழே போட்டார்கள். ஆவுடைத்தாய் புருஷனிடம் சொன்னாள். சொல்லாமல் இருக்க அவளால் முடியவில்லை.

“அவரு வந்தாருன்னா நான் போகணும்தான்” என்றான் திருமேனி, வானத்தைப் பார்த்தபடி. “அதான ஆவுடை என் வேல.” அதைச் சொல்லும்போது அவன் கைகள் முதல்முறையாகக் கொஞ்சம் தாழ்ந்தன.

மறுநாள் பகலில் பந்து பனைமர உயரத்துக்கு வந்துவிட்டது. ஊரே மைதானத்தில். வயசாகித் தொந்தி வைத்த சிலுவை பர்னாந்து, இந்த ஊரிலேயே பெண் எடுத்து இந்த ஊரிலேயே மீன் கடையும் வைத்துவிட்டவன், பழைய மட்டையைத் தூக்கிக்கொண்டு விக்கெட் ஓரம் வந்து நின்றான். தேவசகாயத்தை எல்லாரும் தேடினார்கள். அவர் வந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளை உடுப்பில் வந்தார். கூட்டம் வழிவிட்டது.

தேவசகாயம் ஒரு கையில் தண்ணீர்க் கூஜா வைத்திருந்தார். தோளில் துண்டு. நேரே திருமேனியிடம் போய்த் துண்டால் அவன் முகத்தைத் துடைத்து, கூஜாவை அவன் வாயில் வைத்தார். இத்தனை ஆட்டத்தில் திருமேனி எத்தனை பேருக்குத் தண்ணீர் கொண்டு போயிருப்பான்! அவனுக்கென்று ஒருவர் கொண்டு வந்தது அன்றைக்குத்தான்.

“குடிலே. மெதுவாக் குடி” என்றார்.

“அண்ணாச்சி, நீங்க உள்ள வாரீங்களா?”

“எனக்கெங்கலே கால் சரியாச்சு?” என்று சொல்லிவிட்டு, அம்பயருக்குக் கேட்கும்படி “யம்மா, உயிர் போகுதே” என்று கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு நொண்டியபடி வெளியே நடந்தார்.

அன்றைக்குப் பிடித்துக்கொண்டது வலது கால். இப்போது அவர் நொண்டியது இடது கால். சட்டத்தில் புலியான நவநீதகிருஷ்ணன் அதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

பந்து வந்தது. நேராக வந்த பந்து, கடைசி நேரத்தில், அந்தக் களவாணிக் காற்று எங்கிருந்தோ புறப்பட்டு வந்து ஒரு தள்ளுத் தள்ள, பத்தடி விலகிப் போயிற்று. ஐயோ என்று ஊர் வாயில் அடித்துக்கொண்டது. ஆவுடைத்தாய், “முன்னால ஒண்ணும் இல்ல, தரை சுத்தம், பாய்ங்க!” என்று கத்தினாள். கல்லும் முள்ளும் கிணறும் சொன்ன அந்தக் குரலை நம்பி, காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் திருமேனி முழு உடம்போடு பாய்ந்தான். முழங்கால் தரையில் உரச, நெஞ்சு தரையில் மோத, புழுதி கிளம்பியது. புழுதிக்குள்ளிருந்து இரண்டு கைகள் மேலே வந்தன. கைகளுக்குள் பந்து இருந்தது.

அம்பயர் விரலை உயர்த்தினார். சிலுவை பர்னாந்து மட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “அப்பாடா, அவுட்டு” என்று கும்பிட்டான். கொட்டு முழங்கியது, மில் சங்கு நேரம் காலம் இல்லாமல் ஊதியது. ஸ்கோர் போர்டுக்காரர் வழக்கப்படி ‘சப்’ என்று எழுதினார். அதைப் பார்த்து ஊர் போட்ட சந்தோஷக் கூச்சலில் மரத்துப் பறவையெல்லாம் எழும்பிப் பறந்தன. அந்த வருஷத்திலிருந்து ஊத்துப்பாறைத் தெருக்களில் பிள்ளைகள் ஆடும்போது கேப்டனாக இருக்க ஒருவரும் ஒத்துக்கொள்வதில்லை. எல்லாரும் சப்பாக இருக்கத்தான் அடித்துக்கொள்கிறார்கள்.

திருமேனி போர்டைப் பார்க்கவில்லை. பந்தை அம்பயர் கையில் கொடுத்துவிட்டு, பூட்டிக் கிடந்த கதவைத் திறக்கிற மாதிரி, கழுத்தை மெதுவாகக் கீழே இறக்கினான். எதிரே பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். எல்லாரும் ஒரே சீருடை, எல்லாரும் இரட்டைச் சடை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தான், தடுமாறினான். அவ்வளவு பெரிய வானத்தில் ஒரு கடுகைத் தொலைக்காமல் வைத்திருந்தவனுக்குத் தன் பிள்ளை எது என்று தெரியவில்லை.

“அப்பா, பல்லு முளைச்சிட்டு பாருங்க” என்றது ஒரு குரல்.

அந்தக் குரலிடம் போய் மண்டியிட்டு உட்கார்ந்தான். முகத்தை இரண்டு கையாலும், அந்தக் குவிந்த கையாலேயே, ஏந்திக்கொண்டு பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். அப்புறம்தான் பக்கத்தில் நின்றவளை நிமிர்ந்து பார்த்தான்.

“நரைச்சிட்டியே ஆவுடை” என்றான்.

“வேற வேல இல்லாம” என்றாள் அவள். அவன் தாடியில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டாள்.

திங்கள்கிழமை காலையில் ஆவுடைத்தாய் உடுப்பை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனாள். பெண்கள் எல்லாரும் எழுந்து நின்று, நல்ல கல்லாகப் பார்த்து ஒதுக்கிக் கொடுத்தார்கள். அவள் கால்சட்டையை விரித்தாள். இரண்டு முழங்காலிலும் கரிசல் மண் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பாக ஏறியிருந்தது. அடித்தால் போகாது என்று பார்த்த உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, “எங்க வீட்டு ஆளு விழுந்து பெரண்டு என் இடுப்ப ஒடிக்காரு” என்று ஓடைக்கரை முழுக்கக் கேட்கும்படி அலுத்துக்கொண்டு, ஓங்கி ஓங்கி அடித்தாள்.